ஐ வந்தால் சிரிக்க வேண்டும்

மேலக்கூழாம்பட்டிக்காரர்கள் சொன்ன பேச்சைத் தட்டமாட்டார்கள். அந்த ஊரின் சங்கடமே அதுதான்.

முன்னொரு சமயம் மரக்கன்று கொடுக்க வந்த அதிகாரி ஒருவர், ஊர் மந்தைவெளியில் ஒரு வேப்பங்கன்றை நட்டுவிட்டு, "நான் திரும்பி வர்ற வரைக்கும் ஆடு கடிச்சிராம ஒரு ஆள் பக்கத்துல நில்லுங்க" என்று சொல்லிப்போனார். போனவர் வேறு ஜில்லாவுக்கு மாற்றலாகிவிட்டார். கன்று மரமாகி ஊருக்கே நிழல் கொடுக்கிறது. இன்றைக்கும் முறை வைத்து ஒரு ஆள் அதன் பக்கத்தில் நிற்கிறார். வெயிலில்தான் நிற்கிறார். நிழலில் நிற்கலாம் என்று அதிகாரி சொல்லவில்லை.

இந்த ஊர்ப் பால்வாடிக்குத்தான் செவ்வந்தி டீச்சராக வந்து சேர்ந்தாள். கல்லூரிப் படிப்பு முடித்தவள். ஆனால் நாலு பேர் சேர்ந்தாற்போல் பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். கல்லூரியில் பெயர் கூப்பிடும்போது அவள் சொன்ன 'எஸ் சார்' முதல் பெஞ்சைத் தாண்டாததால், வகுப்பில் உட்கார்ந்துகொண்டே பாதி நாள் ஆப்சென்ட் வாங்கியவள். சின்னப் பிள்ளைகளிடம் மட்டும் அவளுக்குப் பேச்சு தாராளமாக வரும். பெரியவர்கள் என்றால், இரவெல்லாம் மனப்பாடம் செய்துவைத்த நாலு வார்த்தையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். சொன்னதைத் திருத்திச் சொல்லும் தைரியம் அவளுக்குக் கிடையாது. சொன்னதை மறக்கும் பழக்கம் ஊருக்குக் கிடையாது.

அவள் வந்த கொஞ்ச நாளில் வட்டார அலுவலகத்திலிருந்து குலசேகரன் என்ற அதிகாரி ஒரு செய்தி சொல்லியனுப்பினார். பொங்கலுக்குள் மேலக்கூழாம்பட்டிப் பிள்ளைகள் உயிரெழுத்துகளையாவது வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் பால்வாடியை மூடி, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கீழக்கூழாம்பட்டிப் பால்வாடியோடு சேர்த்துவிடுவார்.

மழைக்காலத்தில் அந்த ஓடை எருமையையே இழுத்துக்கொண்டு போகும். மூக்கு ஒழுகுகிற பிள்ளைகள் அதைத் தாண்டிப் போய்ப் படித்துவிட்டு வருவதாவது! செவ்வந்தியின் வேலையும் அதோடு போய்விடும்.

அவள் பெற்றோர் கூட்டத்தைக் கூட்டினாள். பயிற்சி வகுப்பில் கற்றுக்கொடுத்ததையெல்லாம் சுருக்கி மனப்பாடம் செய்துகொண்டு வந்து, சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தபடி ஒரே மூச்சில் சொன்னாள்.

"பிள்ளைங்களுக்குத் தினமும் வாசிச்சுக் காட்டுங்க. மடியில உட்கார வச்சு. எழுத்து மேல விரல் வச்சு. சத்தமா. அப்புறம், பிள்ளைங்க கண்ணு படுற இடத்துல எல்லாம் எழுத்து இருக்கட்டும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஊர் தலையசைத்தது. பால்வாடிக் கமிட்டித் தலைவர் சடையாண்டி எழுந்து, கோர்ட்டில் தீர்ப்பு வாசிப்பதுபோல் திருப்பிச் சொன்னார். "மடி. விரல். சத்தம். கண்ணு. ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது. டீச்சரம்மா வாயத் திறக்கிறதே அபூர்வம்."

*

மறுநாள் சாயங்காலமே மடியை ஆரம்பித்தார்கள்.

ஆடு வளர்க்கும் மொக்கச்சாமி தன் மகள் குயிலியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தான். குயிலிக்கு நாலு வயசு. ஊரிலேயே சுறுசுறுப்பான பிள்ளை. அப்பனும் மகளும் புத்தகத்தைப் பார்த்தார்கள். புத்தகம் அவர்களைப் பார்த்தது.

"என்ன மாப்ள, என்ன போட்டிருக்கு?" என்றார் சடையாண்டி.

"எனக்கெப்படித் தெரியும் மாமா? நான் படிக்கலையே."

"அப்புறம் நீ எப்படி மடி குடுக்கலாம்? தெரியாதவங்க மடியில உட்காரணும். அதுதான முறை?"

மொக்கச்சாமிக்கு அது நியாயமாகப் பட்டது. குயிலியை இறக்காமலே எழுந்து வந்து சடையாண்டியின் மடியில் உட்கார்ந்தான். சடையாண்டி புத்தகத்தை எட்டிப் பார்த்தார். அவருக்கும் படிக்கத் தெரியாது. முறை என்று வந்துவிட்ட பிறகு தலைவராவது, தொண்டனாவது? மூன்று பேருமாக நகர்ந்துபோய் ஊரிலேயே மூத்தவரான ஒச்சப்பனின் மடியில் ஏறினார்கள்.

எல்லோரும் சரியாக உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்து, புத்தகத்தையும் பிரித்த பிறகு, அடியிலிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது.

"எனக்கும் தெரியாதுப்பா."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா பெரியப்பா?"

"தெரியுமான்னு யாரும் கேட்கலையே. மடி இருக்கான்னு கேட்டீங்க. இருக்குன்னேன்."

ஒச்சப்பனை யார் மடியில் உட்கார வைப்பது என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோதே அடுக்கு சரிந்தது. குயிலி மட்டும் பூப்போல மேலே விழுந்தாள். ஒச்சப்பனுக்கு இடுப்பில் எண்ணெய் போட்டு நீவ வேண்டியதாயிற்று.

ஊரில் படிக்கத் தெரிந்தவள் டீச்சர் ஒருத்திதான் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அடுத்த நாள் காலையில் செவ்வந்தி பால்வாடிக்கு வந்தபோது வாசலில் ஆண்களும் பெண்களுமாக நீள வரிசை நின்றது.

"எதுக்குங்கய்யா நிக்கிறீங்க?" என்றாள்.

"உங்க மடிக்குத்தான் டீச்சரம்மா" என்றார் சடையாண்டி மரியாதையாக. "கனமானவங்களக் கடைசியில நிறுத்தியிருக்கோம்."

செவ்வந்திக்கு முகம் மிளகாய்ப் பழமானது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சாவித் துளை வழியாக, "மடி பிள்ளைங்களுக்கு மட்டும் போதும்" என்று சொன்னாள். வரிசை கலைந்தது. ஆனாலும் 'தெரியாதவங்க மடியில உட்காரணும்' என்ற சட்டம் ஊர்க்காரர்கள் மனசில் அப்படியே தங்கிவிட்டது.

*

மடிக்கு அடுத்தது விரல்.

எந்த விரல் என்று டீச்சர் சொல்லவில்லை. வேப்பமரத்தடியில் கமிட்டி கூடியது. அன்றைக்கு மரத்துக்குக் காவல் நின்றவர் பூச்சியப்பன். அவர் நின்றபடியே விவாதத்தில் கலந்துகொண்டார்.

"நாம எல்லாரும் இத்தன வருஷமா எந்த விரல வச்சோம்?" என்று கேட்டார் சடையாண்டி.

"கட்டை விரல. ரேஷன் கடையில, பேங்குல, நிலப் பத்திரத்துல, எல்லாத்துலயும் கட்டை விரல்தான்."

"வச்சு என்ன ஆச்சு?"

"கைநாட்டுன்னு பேராச்சு."

"அப்ப, படிக்காத விரல் எது?"

ஆளாளுக்குத் தன் கட்டை விரலைப் பார்த்தார்கள். இத்தனை காலம் கூடவே இருந்து கழுத்தை அறுத்த விரல் இதுதானா என்று எல்லோர் கண்ணிலும் கோபம்.

"அது மட்டுமில்ல" என்றாள் மொக்கச்சாமியின் மனைவி வீராயி. அவள் எதையும் ஆழமாக யோசிக்கிறவள். "ஆட்காட்டி விரலுக்குப் பக்கத்து வீடே கட்டை விரல்தான். அது படிக்கிறப்ப இது கெடுத்துவிடாதா?"

மறுநாள் பால்வாடியில் எல்லாப் பிள்ளைகளின் கட்டை விரல்களும் துணி சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. யாராலும் பல்பம் பிடிக்க முடியவில்லை. சத்துமாவு உருண்டை கைக்குக் கை நழுவி உருண்டோடியது. எப்போதும் விரல் சூப்பும் ஒரு பிள்ளை, வாயில் துணியை வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் என்னவோ நடந்துவிட்டது என்பதுபோல் உட்கார்ந்திருந்தது.

செவ்வந்தி எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்தாள். சாயங்காலம் வீராயியிடம், "கட்டை விரல் மேல தப்பில்லக்கா" என்று சொல்ல முடிந்தது.

"உங்க மனசு யாருக்கு வரும் டீச்சரம்மா" என்று வீராயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதையும் மன்னிச்சுட்டீங்க."

*

சத்தத்துக்குத் திருவிழா ரேடியோ செட்டுக்காரரைப் பிடித்து வந்தார்கள்.

புளியமரத்தில் ஒரு குழாய், கோயில் கூரையில் ஒரு குழாய், பால்வாடி ஜன்னலில் ஒரு குழாய். மைக்கைச் செவ்வந்தியிடம் நீட்டினார்கள். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மைக் குயிலியிடம் போயிற்று. குயிலிக்குக் கூச்சம் என்றால் என்னவென்றே தெரியாது. வயிற்றை எக்கி, கண்ணை மூடி, "அ...! ஆ...!" என்று தொடங்கினாள். மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் கீழக்கூழாம்பட்டியில் சோறு தின்றுகொண்டிருந்தவர்கள் தட்டைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். ஒரு ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் சேர்ந்து 'அ... ஆ...' என்று அலறினால் தீப்பிடித்தது என்றுதானே நினைப்பார்கள்? குடம் குடமாகத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"எங்கய்யா தீ?"

"தீ இல்ல. படிப்பு."

மேலக்கூழாம்பட்டிக்காரர்கள் பண்பானவர்கள். தூக்கி வந்த தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று வேப்பமரத்துக்கு ஊற்றச் சொன்னார்கள். வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. மறுநாளே வட்டார அலுவலகத்துக்குப் போய், இந்த ஊரில் பிள்ளைகளை என்னவோ செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். குலசேகரன் பொங்கல் வரை காத்திருக்கப்போவதில்லை, சீக்கிரமே வரப்போகிறார் என்று தகவல் வந்தது.

செவ்வந்திக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளைகளுக்கு எழுத்துகளின் சத்தம் பாட்டுப்போல வாயில் ஏறிவிட்டது. ஆனால் எழுத்துகளின் முகம் ஒன்றுகூடத் தெரியாது. பலகையில் எந்த எழுத்தைக் காட்டினாலும், எல்லாவற்றுக்கும் 'அ' என்றே சொன்னார்கள்.

*

மிச்சமிருந்தது கண்.

பிள்ளைகளின் கண் எங்கே படுகிறது என்று கண்டுபிடிக்க, ஆளுக்கொரு பிள்ளையின் பின்னாலேயே ஒரு பகல் முழுக்க நடந்தார்கள். சாயங்காலம் கூடிப் பேசினார்கள்.

"என் பேரன் ஆட்டோட வாலப் பார்த்தான்."

"எம் பிள்ள என்னையவே பார்த்துச்சு. ஏம்ப்பா பின்னாடியே வர்றேன்னு கேட்டுச்சு."

"நல்லா யோசிங்க" என்றாள் வீராயி. "பிள்ளைங்களத் தூக்கிட்டுப் போறது யாரு? ஆம்பளைங்க உப்புமூட்டை தூக்கிட்டுப் போறீங்க. அப்ப அதுங்க கண்ணுக்கு நேரா இருக்கிறது எது?"

மொக்கச்சாமி யோசித்தான். "எம் முதுகு."

"சட்டை போட்டிருக்கியா?"

"இந்த வெயில்ல யாரு போடுவா?"

தீர்ந்தது. உயிரெழுத்துக்குத் தோதாகப் பன்னிரண்டு ஆண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். எழுதுகிறவர்கள் கோலம் போடும் பெண்கள். புத்தகத்தைப் பார்த்துப் புள்ளி பிசகாமல் போடுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. முதல் நாள் அரிசி மாவில்தான் போட்டார்கள். கோலத்துக்கு வருகிற எறும்பு முதுகுக்கும் வந்தது. "டீச்சர், எழுத்து நகருது" என்று பிள்ளைகள் சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். அடுத்த நாளிலிருந்து திருநீற்றைக் குழைத்து எழுதினார்கள்.

தலைவர் என்பதால் சடையாண்டிக்கு 'அ'. பூச்சியப்பனுக்கு 'ஆ'. மொக்கச்சாமிக்கு 'ஐ'.

ஐ-யில்தான் ஒரு சின்னச் சிக்கல். மொக்கச்சாமிக்குக் கூச்சம் அதிகம். முதுகில் விரல் பட்டால் போதும், நெளிந்துகொண்டு 'ஹிஹிஹி' என்று சிரிப்பான். எழுத்து மேல் விரல் வைத்து வாசிக்க வேண்டும் என்பது டீச்சர் வாக்கு. ஆகவே பிள்ளைகள் வரிசையாக வந்து ஒவ்வொரு முதுகிலும் விரல் வைத்து, "எ... ஏ... ஐ ஹிஹிஹி... ஒ..." என்று வாசித்தார்கள். ஐ என்ற எழுத்தின் ஓசையே அப்படித்தான் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நாளடைவில் பெரியவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

செவ்வந்தி முதல் நாள் இதைப் பார்த்துவிட்டுப் பதறினாள். பன்னிரண்டு வெற்று முதுகுகள் பால்வாடிக்குள் வட்டமாக உட்கார்ந்திருந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியும்? நிறுத்தச் சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் குயிலி ஓடிப்போய் ஒரு முதுகில் விரல் வைத்து, "ஊ!" என்றாள். அது ஊ-தான். வாயெடுத்தவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஊர் மாறிப்போயிற்று. எழுத்து அழிந்துவிடும் என்று பன்னிரண்டு பேரும் குளிப்பதை நிறுத்தினார்கள். மல்லாந்து படுப்பதை நிறுத்தினார்கள். காலையில் வந்ததும் செவ்வந்திக்கு வருகைக் கணக்கே வேறு விதமாகக் கிடைத்தது.

"டீச்சரம்மா, இன்னைக்கு ஏ வர முடியாது. சந்தைக்குப் போயிருக்கு."

"ஓ-வுக்குக் காய்ச்சல்."

"இ-க்கும் ஈ-க்கும் வாய்க்கால் தகராறு. பக்கத்துப் பக்கத்துல உட்கார மாட்டாங்களாம். நடுவுல உ-வப் போடலாமா?"

வட்டமாக உட்கார்ந்திருந்ததில் இன்னொன்றும் நடந்தது. கழுத்தைத் திருப்பி மற்ற முதுகுகளைப் பார்த்துப் பார்த்துப் பெரியவர்களுக்கும் எழுத்து தெரிந்துவிட்டது. ஆனால் ஒவ்வொருவருக்கும் பதினொரு எழுத்துதான். தன் முதுகு தனக்குத் தெரியாதே!

*

அதிகாரி வருவதற்கு முதல் நாள் செவ்வந்தி ஒரு தப்பு செய்தாள்.

"நாளைக்கு எல்லாரும் குளிச்சு, சட்டை போட்டு, மரியாதையா வாங்க" என்று சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலம் கிணற்றடித் தண்ணீர் பால்போல ஓடியது. காலையில் பன்னிரண்டு பேரும் தேய்த்த சட்டையோடு, காலர் வரை பட்டன் போட்டுக்கொண்டு, சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். நேற்று வரை எழுத்துகள் இருந்த இடத்தில் சட்டைகள் இருந்தன. பிள்ளைகள் திருவிழாவில் தொலைந்தவர்கள்போல முழித்தார்கள்.

செவ்வந்திக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. இவர்களுக்குத் தெரிந்தது எழுத்தா, ஆளா?

குலசேகரன் பைக்கில் வந்து இறங்கினார். ஒல்லியான, சின்ன உருவம். சிரிப்பு என்பது சம்பளத்தில் சேராத வேலை என்பதுபோல் முகத்தை வைத்திருந்தார். பையிலிருந்து ஒரு பெரிய உயிரெழுத்து அட்டையை எடுத்துச் சுவரில் மாட்டினார்.

"யார் வாசிப்பீங்க?"

குயிலி எழுந்து போனாள். முதலில் அட்டையின் பின்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. முன்னால் வந்து முதல் எழுத்தில் விரல் வைத்தாள்.

"சடையாண்டி தாத்தா."

"என்னது?"

அடுத்த எழுத்தில் விரல் வைத்தாள். "பூச்சியப்பன் மாமா."

குலசேகரன் செவ்வந்தியிடம் திரும்பினார். "என்னம்மா இது? எழுத்தக் கேட்டா வாக்காளர் பட்டியல் வாசிக்குது?"

செவ்வந்திக்குத் தொண்டை அடைத்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் கண்ணுக்கு ஓடைதான் தெரிந்தது. மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓட, கரையில் குயிலி புத்தகப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். அடைத்திருந்த தொண்டை என்ன நினைத்ததோ, படாரென்று திறந்துகொண்டது.

"குயிலி! சடையாண்டி தாத்தா முதுகு என்ன சொல்லும்?"

அவள் குரல் அவ்வளவு பெரியது என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

"அ!" என்றாள் குயிலி, இது தெரியாதா என்பதுபோல்.

"பூச்சியப்பன் மாமா?"

"ஆ!"

அதற்கப்புறம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. இ, ஈ, உ, ஊ என்று பிள்ளைகள் எல்லோரும் எழுந்து போய் மாறி மாறி விரல் வைத்தார்கள். தன் பெயர் அரசாங்க அட்டையில் வந்துவிட்ட பெருமை தாங்காமல் சடையாண்டி சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"அவர் ஏம்மா சட்டையக் கழட்டுறாரு?"

"அவர்தான் சார் 'அ'" என்றாள் செவ்வந்தி.

ஐ வந்தது. குயிலி விரல் வைத்து, "ஐ ஹிஹிஹி" என்றாள். பிள்ளைகள் அத்தனை பேரும் ஹிஹிஹி என்றார்கள். அட்டைக்கும் மொக்கச்சாமிக்கும் நடுவில் ஒரு அறையே இருந்தது. அவன் சட்டைக்கு எல்லாப் பட்டனும் போட்டிருந்தான். ஆனாலும் நெளிந்து நெளிந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

குலசேகரன் வரிசையை மாற்றிக் கேட்டுப் பார்த்தார். கீழிருந்து மேலாகக் கேட்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை. சிரிப்பும் சரியான இடத்தில் மட்டுமே வந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கு நுனியில் கண்ணாடியை இறக்கி, அலுவலகத்திலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு தாளை எடுத்து மனசுக்குள் வாசிக்க ஆரம்பித்தார்.

ஊர் அவரை உற்றுப் பார்த்தது.

"என்ன மாமா பண்றாரு?" என்று மொக்கச்சாமி மெதுவாகக் கேட்டான்.

"தாளையே பார்த்துட்டிருக்காரு."

"விரல் வைக்கலையே?"

"வைக்கல."

"சத்தமும் வரல" என்றார் பூச்சியப்பன்.

"மடியும் இல்ல. வெறும் நாற்காலிதான்" என்றாள் வீராயி. "அந்தத் தாள்ல மேலயே ஐ இருக்கு. நான் இங்கருந்தே பார்த்தேன். அவரு அதத் தாண்டிப் போறாரு, சிரிக்கவே இல்ல."

அதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

"தெரியாது போலிருக்கு" என்றார் சடையாண்டி, குரல் தழுதழுக்க.

"பாவம். எவ்வளவு பெரிய உத்தியோகம். வெளியில சொல்லவும் முடியாது."

"சின்ன வயசுல அவங்க ஊர்ப் பால்வாடிய எவனாவது மூடியிருப்பான்."

சடையாண்டி எழுந்தார். பால்வாடிக் கமிட்டித் தலைவராக அவருக்கு ஒரு பொறுப்பு இருந்தது. அதிகாரியின் பக்கத்தில் பலகையைப் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மொக்கச்சாமியும் பூச்சியப்பனும் குலசேகரனை நாற்காலியிலிருந்து பதமாகத் தூக்கி அவர் மடியில் வைத்தார்கள்.

"யோவ்! என்னய்யா பண்றீங்க?"

"கூச்சப்படாதீங்க சார்" என்றார் சடையாண்டி, அவர் இடுப்பைச் சுற்றிக் கைகளைக் கோத்துக்கொண்டு. "எங்களுக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு. இப்ப பதினொண்ணு தெரியும். அ-வ மட்டும் குயிலிகிட்டக் கேட்டுக்குவோம்."

சட்டைகள் கழன்றன. வீராயியும் மற்றப் பெண்களும் திருநீற்றைக் குழைத்து வேகவேகமாக எழுதினார்கள். குயிலி அதிகாரியின் ஆட்காட்டி விரலைப் பிடித்துச் சடையாண்டியின் தோளுக்கு மேலாக இழுத்து அவர் முதுகில் வைத்தாள். செவ்வந்தி தடுக்கத்தான் எழுந்தாள். ஆனால் இருந்த குரலையெல்லாம் அவள் சற்று முன்புதான் செலவழித்திருந்தாள்.

"சொல்லுங்க சார்" என்றாள் குயிலி கண்டிப்பாக.

குலசேகரன் திமிறிப் பார்த்தார். சடையாண்டியின் பிடி மண்வெட்டி பிடித்த பிடி. வேறு வழியில்லாமல் "அ" என்றார். ஊர் கைதட்டியது. அடுத்து ஒவ்வொரு முதுகாக அவர் முன்னால் வந்து உட்கார்ந்து எழுந்து போயிற்று. ஒன்பதாவதாக மொக்கச்சாமி வந்தான். அதிகாரியின் விரல் பட்டதுதான் தாமதம், புழுப்போல நெளிந்து ஹிஹிஹி என்றான். குயிலி ஹிஹிஹி என்றாள். என்னதான் அதிகாரி என்றாலும், ஒருவர் மடியில் உட்கார்ந்துகொண்டு, இன்னொருவர் முதுகில் விரலை வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரம் முகத்தை இறுக்கி வைத்திருக்க முடியும்? குலசேகரன் தோள் குலுங்கியது. கண்ணாடி நழுவியது.

"ஐ... ஹிஹிஹி" என்றார்.

"வந்திருச்சு! சாருக்கு ஐ வந்திருச்சு!"

ஊரே கூத்தாடியது. வீராயி பிள்ளைகளின் மதியச் சோற்றுக்கு அவித்த முட்டை ஒன்றை உரித்து அவர் வாயில் வைத்தாள். சடையாண்டி கைதட்டுவதற்காகப் பிடியை விட்ட அந்த ஒரு நொடியில் குலசேகரன் மடியிலிருந்து குதித்துப் பைக்கை நோக்கி ஓடினார். செவ்வந்தி பின்னாலேயே ஓடினாள்.

"சார், பால்வாடி..."

அவர் முட்டையை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "இங்கயே இருக்கட்டும்மா. பிள்ளைங்க நல்லா வாசிக்குதுங்க. அதோட, இந்த ஊர ஓடைக்கு அந்தப் பக்கம் விட்டா அந்த ஊரும் சேர்ந்து வீணாப்போயிரும்."

பைக் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

செவ்வந்திக்குக் கண் கலங்கியது. திரும்பி வந்து, முதல்முறையாக எதையும் மனப்பாடம் செய்யாமல் ஊரைப் பார்த்துப் பேசினாள்.

"எல்லாம் உங்களாலதான். இதோட நிறுத்திராதீங்க. ஆரம்பிச்சதப் பாதியில விடக் கூடாது."

ஊர் தலையசைத்தது. சடையாண்டி பைக் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பதுதான் ஆயிருக்கு" என்றார்.

செவ்வந்திக்கு என்னவோ உறுத்தியது. ஆனால் சொன்னதைத் திருத்திச் சொல்லும் தைரியம் அன்றைக்கும் அவளுக்கு வரவில்லை.

*

அடுத்த வாரம் வட்டார அலுவலகத்தில் டீச்சர்கள் கூட்டம். செவ்வந்தி பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நுழையும்போது, வாசலில் வெயிலில் மூன்று பேர் சட்டையில்லாமல், சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். முகம் தெரியாவிட்டால் என்ன? ஒ, ஓ, ஔ மூவரையும் அவளுக்கு எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

அவள் படியேறி ஓடினாள். அதற்குள் குலசேகரன் தன் அறைக் கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

அவருடைய சுழல் நாற்காலியில் சடையாண்டி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் அவித்த முட்டை ஒன்று உரித்துத் தயாராக இருந்தது.

"வாங்க சார், வாங்க" என்று சடையாண்டி தொடையைத் தட்டிக் காட்டினார். "சீக்கிரம் வந்து உட்காருங்க. ஔ-வுக்கு வெயில்ல வேர்த்துக் கொட்டுது. இன்னும் கொஞ்சம் போனா பாதி அழிஞ்சு ஒ ஆயிரும். ஏற்கெனவே ஒரு ஒ-வ பஸ் டிக்கெட் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கோம்."